இருபத்தோரு நாள் முட்டு

சுலோச்சனாவுக்குப் பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். எல்லாம் அப்பன் முருகையனிடமிருந்து வந்ததுதான். அந்தக் கிழவர் ராஜா அண்ணாமலைபுரத்து ஒற்றை அறை வீட்டை விட்டு நகரமாட்டேன் என்றார். இவளோ புருஷன், இரண்டு பிள்ளைகளோடு சைதாப்பேட்டையில் ஒண்டுக்குடித்தனம். "நீ வராட்டி போ நைனா, நான் வர்றேன்" என்று அவர் வீட்டுச் சுவரை ஒட்டியே ஓர் அறை கட்ட ஆரம்பித்துவிட்டாள். எழுபத்து நாலாம் வருஷம் அது. சிமெண்டு பர்மிட்டுக்காக அவள் நடந்த நடை இருக்கிறதே, கேட்டால் நமக்குக் கால் வலிக்கும்.

அவசரம் சும்மா வரவில்லை. முருகையன் முப்பது வருஷம் கோடம்பாக்கத்தில் சினிமாவுக்கு செட் போட்ட தச்சர். போடுவதைவிடப் பிரிப்பதில் கெட்டிக்காரர். ஷூட்டிங் முடிந்தது என்று ஒரு குரல் வந்தால் போதும், பெரிய அரண்மனையையும் மளமளவென்று பிரித்து அடுக்கிவிடுவார். ஒரு பலகை கீறாது. அந்த மனுஷனுக்கு இப்போது நினைவு தப்பிக்கொண்டே வந்தது. சில நாள் பெற்ற பெண்ணையே "யாரும்மா நீ?" என்பார். முழுசாக மறப்பதற்குள் பக்கத்தில் வந்துவிட வேண்டும், அவளுக்கு வேறு கவலையே இல்லை.

கூரைக்குக் கான்கிரீட் போட்டாயிற்று. அடியில் பலகைகளைத் தாங்கிச் சவுக்குக் கம்புகள் முட்டுக் கொடுத்து நின்றன. "இருபத்தோரு நாளைக்கு ஒரு முட்டுக் கம்பையும் தொடக்கூடாதும்மா. தொட்டா மொத்தமும் தலைமேலதான்" என்று கொத்தனார் மெஹபூப் அலி விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் காலை, கூரைமேல் ஊற்றத் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். புது அறைக்குள் சுத்தியல் சத்தம்.

எட்டிப் பார்த்தாள். இரண்டு கம்புகள் தரையில் கிடந்தன. முருகையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்றாவது கம்பின் அடி ஆப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். அடப்பாவி மனுஷா! கத்தவும் பயம், இழுக்கவும் பயம். யாராவது தடுத்தால் கிழவருக்கு வெறி வந்துவிடும், இன்னும் ஓங்கி அடிப்பார். குடத்தை இறக்கிவிட்டு மெல்ல உள்ளே போனாள்.

"இன்னா நைனா பண்ணிக்கினு கீறே?"

"கண்ணு தெரியல? செட்டப் பிரிக்கறேன். ஷூட்டிங் முடிஞ்சு எம்மா நேரமாவுது!"

அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த யோசனை. "முடியல நைனா! இன்னொரு ஷாட்டு பாக்கி கீதாம். டைரக்டரு சொல்லி அனுப்பினாரு."

சுத்தியல் நின்றது. மேலே ஒரு பலகை நெறுநெறுத்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் அவள் கழுத்தில் விழுந்தது.

"மின்னாடியே சொல்றதுக்கு இன்னா கேடு?" என்று வைதார். வைதுகொண்டே கீழே கிடந்த கம்பை நிமிர்த்தினார். "சும்மா நிக்காதே, புடி!"

பிடித்தாள். வெளியே ஓடியிருக்கலாம், அவரை விட்டுவிட்டு எங்கே ஓடுவது? கண்ணை இறுக மூடிக்கொண்டு தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள். கிழவர் கை கொஞ்சமும் நடுங்கவில்லை. மூன்று கம்புக்கும் ஆப்பு வைத்து, அடித்து, தட்டிப் பார்த்து, மறுபடி அடித்தார். சாயந்திரம் வந்து பார்த்த மெஹபூப் அலி, "யா அல்லா! நான் வெச்சதவிட கெட்டியா கீதே" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

மிச்சம் பதினாறு நாளும், தான் வேலை பார்த்த ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே கிடந்தாள். "எப்பம்மா ஷாட்டு?" என்பார். "ஹீரோயினு மேக்கப்ல கீறாங்க நைனா." பொய் சொல்லிச் சொல்லி நாக்கு மரத்துப்போனது.

இருபத்தோராம் நாள் முட்டுகளை எடுத்தார்கள். கூரை கல்லு மாதிரி நின்றது. முருகையன் அண்ணாந்து பார்த்தார்.

"கதையில இது யார் வூடும்மா?"

"அப்பனப் பாத்துக்க வந்த பொண்ணு வூடு நைனா."

"நல்ல கதை. எனக்கும் ஒரு பொண்ணு கீது. சுலோச்சனான்னு பேரு. வரேன் வரேன்னு சொல்லிக்கினு கீது, வந்தபாடில்ல."

அவளால் அடக்க முடியவில்லை. அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நான்தான் நைனா சுலோச்சனா! வந்துட்டேன், என்னப் பாரு!" என்று கதறிவிட்டாள்.

முருகையன் பொறுமையாகக் கேட்டு முடித்துத் தலையாட்டினார்.

"வசனம் நல்லா வருது ஒனக்கு. அழுகைய மட்டும் கொஞ்சம் கொறைச்சிக்கோ."