பூச்சிக்கு மாமா போட்ட பத்தியம்

சைகோனிலிருந்து மாமா உம்மாவுக்கு எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. "கொடி மாறிய காரைக்காலைப் பார்க்க வேண்டும், மருமகளின் நிக்காஹ்வுக்குச் சில மாதங்கள் முன்பே வந்துவிடுகிறேன்" என்கிறது. தேதி இருந்த மூலையை யாரோ பின்பக்கத் தபால்தலைக்காகக் கத்தரித்துவிட்டார்கள். பிரெஞ்சுக் கொடி இறங்கியது 1954 நவம்பரில், நிக்காஹ் நடந்தது 1955 கடைசியில். ஆகவே கடிதம் 1955ஆம் ஆண்டுக்குரியது என்று கணக்கிட்டு வைத்திருக்கிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பேன். வயிற்றில் பூச்சி என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் ஐயமில்லை. பூச்சி இனிப்பால்தான் வருகிறது என்பதிலும் இல்லை. மாமா சைகோனில் ஒரு மருத்துவமனையில் குமாஸ்தாவாக இருந்தவர். மருந்துப் புட்டியைத் தொட்டதில்லை. ஆனாலும் எங்கள் தெருவுக்கு அவர் பாதி டாக்டர். வந்த வாரமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: பூச்சி ஒழியும் வரை எனக்கு இனிப்பு கிடையாது. லாத்தாவின், அதாவது என் அக்காவின், கல்யாணத்து வட்டிலப்பமும் அதில் அடக்கம். முட்டையும் தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்து அவிக்கும் அந்தப் பண்டத்துக்காகவே நான் அந்தக் கல்யாணத்தை எதிர்பார்த்திருந்தேன். மாப்பிள்ளையை நான் பார்த்ததுகூட இல்லை.

இனிப்புக்குப் பதில் சலாத். வெள்ளரிப்பிஞ்சு, தக்காளி, முள்ளங்கி, கொத்தமல்லித்தழை எல்லாவற்றையும் பச்சையாக நறுக்கி, காடி என்னும் வினிகர் தெளித்து மாமா தருவார். தானும் ஒரு தட்டு எடுத்துக்கொள்வார்.

"பிரெஞ்சுக்காரன் பச்சையாத்தான் திம்பான். அவனுக்குப் பூச்சி வந்து பாத்திருக்கியா?"

"ஆட்டுக்குப் போடுறதப் புள்ளைக்குப் போடுறீங்களே, நானா" என்று உம்மா தன் அண்ணனிடம் முனகுவாள்.

மார்க்கெட்டுக்கு என்னையும் அழைத்துப் போவார். அங்கே ஒரு காய்கறிக்காரம்மா வாய்க்கால் ஓரமாகக் கடை விரித்திருப்பார். தழைக்கட்டுகள் வாடாமலிருக்க வாய்க்காலில் முக்கி எடுத்துச் சாக்கின் மேல் அடுக்குவார்.

"இன்னொரு தரம் முக்கிக் குடும்மா."

"சைகோன்காரவுகளுக்கு இல்லாத தண்ணியா? வாங்க, வாங்க."

அதே வாய்க்காலில் சற்று மேலே, கரையில் பிள்ளைகள் வரிசையாகக் குந்தியிருப்பதை நானும் பார்ப்பேன், மாமாவும் பார்ப்பார். அவர் மூக்கைப் பொத்திக்கொள்வார், அவ்வளவுதான். குடிதண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் அவர் வாயில் வைத்ததில்லை. வாங்கி வந்த தழையை மட்டும் கழுவ விடமாட்டார், சத்து போய்விடுமாம்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் எனக்கு மண்புழு நீளத்துக்கு ஒரு பூச்சி விழுந்தது. வீடே கூடிவிட்டது.

"எனக்குத் தெரியாம யாரு இவளுக்கு மிட்டாய் குடுத்தது?" என்று மாமா விசாரணை நடத்தினார். ஒரு துண்டு கற்கண்டுகூட நான் தொடவில்லை. அழுதும் யாரும் நம்பவில்லை. வட்டிலப்பம் போயிற்று என்று தெரிந்தது. சலாத் இரண்டு வேளையானது.

அந்த வாரமே மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போனவர் பூச்சி மருந்தோடு திரும்பினார். சர்க்கரை வியாதிக்காரர் அவர். வருஷக்கணக்காகத் தேநீரில்கூடச் சீனி போட்டுக்கொள்ளாதவர். உம்மா பொட்டலத்தைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள்.

"நானா, நீங்க யாரு வீட்டு அல்வாவைத் திருடித் தின்னீங்க?"

லாத்தா தான் மணப்பெண் என்பதையும் மறந்து சுவரில் சாய்ந்து சிரித்தாள்.

"இனிப்பு மேல பழியப் போட்டு என் புள்ளைய வாட்டிட்டீங்க. வாயத் தொறங்க" என்று உம்மா விளக்கெண்ணெயைக் கரண்டியில் ஊற்றினாள். அடுத்த கரண்டி எனக்கு. அத்துடன் என் பத்தியம் முடிந்தது.

கல்யாணத்தன்று இரண்டு கிண்ணம் வட்டிலப்பம் தின்றேன். இனிப்பு நிரபராதி என்று ஊரறிய ஆகிவிட்டது. அப்படியானால் குற்றவாளி யார் என்று யாரும் கேட்கவில்லை. சைகோன் முறையில் ஒரு பதார்த்தம் உண்டென்று மாப்பிள்ளை வீட்டாரிடம் மாமா முன்பே பெருமையாகச் சொல்லியிருந்தார். ஆகவே அவர்களுடைய சாப்பாட்டுத் தட்டுகளில் மட்டும், பிரியாணிக்குப் பக்கத்தில், அன்று காலை வாங்கிய தழை சத்துக் குறையாமல் குவிந்திருந்தது. கல்யாணத்துக்கு வந்து தழை தின்ன வேண்டியிருக்கிறதே என்று அவர்களுக்காக உண்மையாகவே பரிதாபப்பட்டேன். பூச்சியின் முட்டை கண்ணுக்குத் தெரியாது, மலத்திலிருந்து தண்ணீருக்கும் தண்ணீரிலிருந்து தழைக்கும் போகும் என்று நான் படித்தது மிகப் பின்னால்.

மாப்பிள்ளை வீட்டில் பிறகு யாருக்காவது பூச்சி மருந்து தேவைப்பட்டதா என்று சென்ற மாதம் லாத்தாவிடம் கேட்டேன். "இதையுமா எழுதப் போற?" என்று பேச்சை மாற்றிவிட்டாள். எனவே அது இன்னும் உறுதிப்படவில்லை.