ஊரை உட்கார வைத்தவள்

அம்மா உட்கார்ந்து யாரும் அதிகம் பார்த்ததில்லை. சாப்பாடுகூட நின்றுகொண்டுதான், ஒரு கையில் தட்டு, முதுகு சமையலறைக் கதவில். கொஞ்சம் உட்காரேம்மா என்று சொல்லிச் சொல்லி மகளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். துணிக்கடை கவுண்டருக்குப் பின்னால் இளம்பெண்ணாகப் போய் நின்றவள், தலை முழுக்க நரைத்த பிறகுதான் அங்கிருந்து வெளியே வந்தாள். அந்தக் கடையில் விற்கிற பெண்கள் உட்காரக் கூடாது. வாங்க வந்தவர் நிற்கும்போது விற்கிறவள் உட்கார்ந்தால் மரியாதைக் குறைவாம். நாள் முழுக்க நிற்கிறவளுக்கு என்ன மரியாதை என்று கேட்க அங்கே நாதியில்லை.

வேலையை விட்ட அன்று, ஞாபகத்துக்கு என்ன வேண்டும் என்று கடையில் கேட்டார்களாம். அத்தனை வருஷம் துணி அளந்த மீட்டர் கட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதை ஊன்றிக்கொண்டுதான் தெருவில் நடப்பாள். பாவம், கால் வலி போலிருக்கிறது என்று பார்க்கிறவர்கள் வழிவிடுவார்கள். கால் வலியாவது ஒன்றாவது. அம்மா வேட்டைக்குக் கிளம்பியிருக்கிறாள் என்பது வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

வேட்டை என்றால் நாற்காலி வேட்டை. குப்பைத்தொட்டி ஓரமோ, மாடிப்படிக்கு அடியிலோ, எங்கே கால் உடைந்த நாற்காலி கிடந்தாலும் அம்மாவின் கண்ணுக்குத் தப்பாது. பால்கனியில் கொண்டுவந்து போட்டு, அறுத்து, ஒட்டி, ஆணி அடித்து, கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒரு நிறத்தைப் பூசி, எங்கே யார் கால் கடுக்க நிற்கிறார்களோ அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிடுவாள். மாடிவீட்டுப் பெரியவர் மூச்சு வாங்கி நிற்கும் படித் திருப்பத்தில் ஒரு பச்சை நாற்காலி. வங்கி வாசல் காவலாளிக்கு மஞ்சள். முதுகுப் பலகையில் படம் போடுவது மட்டும் பேத்தியின் இலாகா. காவலாளியின் நாற்காலியில் அவள் தூங்குகிற சிங்கத்தை வரைந்து வைக்க, வங்கி மேலாளர் முகத்தைச் சுளித்தார். சிங்கம்தானே தூங்குகிறது, காவலாளி முழித்துக்கொண்டுதானே இருக்கிறார் என்று அம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

நாற்காலி வேண்டுமா என்று அம்மா யாரையும் கேட்கமாட்டாள். கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்பாள். பக்கத்தில் போய் நின்று, வெயிலைப் பற்றியோ விலைவாசியைப் பற்றியோ பேச்சுக் கொடுப்பாள். பேசுகிறவர் பேசிக்கொண்டிருக்க, மீட்டர் கட்டை மெதுவாக அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அம்மாவின் கட்டைவிரல் சரியான இடத்தில் அழுந்தும். அந்த விரலை எடுக்காமலே வீடுவரை நடந்து வருவாள். நாற்காலியின் மற்ற வேலையெல்லாம் முடிந்து, கடைசியில்தான் அந்த அளவுக்குக் கால்களை அறுப்பாள். கால் அறுக்கிற வேலையை மட்டும் எப்போதும் கடைசியில் வைத்துக்கொள்வாள். அறுத்த பிறகு மனசு மாறினால் ஒன்றும் செய்ய முடியாதே.

பஸ் நிறுத்தத்தில் போட்ட நீல நாற்காலியை ஒருநாள் எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான். வீடே வயிற்றெரிச்சல் பட்டது. அம்மாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. எடுத்துக்கொண்டு போனவன் எங்கேயாவது உட்காரத்தானே போகிறான் என்று சொல்லிவிட்டு அடுத்ததைத் தேடிக் கிளம்பினாள்.

ஊருக்கெல்லாம் செய்தவள் பெற்ற மகளுக்கு மட்டும் ஒன்று செய்யவில்லை. மகளுக்கு அது உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. வாய்விட்டுக் கேட்டும் பார்த்தாள், ஒரு தடவை அல்ல, பல தடவை. மகளுக்கு ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை.

"உனக்கு எதுக்குடி? உனக்குத்தான் ஆபீஸ்லயே சக்கரம் வச்ச நாற்காலி போட்டிருக்காங்களே" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்லுவாள்.

சிரிப்பில் பேச்சு முடிந்துவிடும். உறுத்தல் முடியாது. யாரோ ஒரு காவலாளியின் முழங்கால் அளவு தெரிந்த அம்மாவுக்கு என் அளவு தெரியுமா என்று மகள் நினைத்துக்கொள்வாள். நாற்பதைத் தாண்டியவளுக்கு இது சின்னப்பிள்ளைத்தனம்தான். அம்மா விஷயத்தில் யார்தான் வளர்கிறார்கள்?

அம்மா ஒரு மதியத் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். யாருக்கும் ஒரு சிரமமும் வைக்கவில்லை. வந்து கூடிய கூட்டத்தில் பாதிப் பேர் தங்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். வாடகைக்கு நாற்காலி எடுக்கிற வேலை மிச்சம் என்று மாடிவீட்டுப் பெரியவர் சொல்ல, அழுதுகொண்டிருந்த மகளே சிரித்துவிட்டாள்.

கூட்டம் கலைந்து வீடு அடங்கிய பிறகு மகள் பால்கனிக்குப் போனாள். அங்கே ஒரு நாற்காலி முடிக்காமல் நின்றது. நிறம் பூசவில்லை. கால்கள் கொக்குக் கால் மாதிரி நீளமாக இருந்தன. உட்காரும் பலகையில் மட்டும் பஞ்சு வைத்து நீலப் பூப்போட்ட துணி தைத்திருந்தது. அந்தத் துணியை மகள் தொட்டுப் பார்த்தாள். அது அவள் சின்ன வயசில் போட்ட கவுன். கேட்டுக் கேட்டு அலுத்துப்போனது கடைசியில் வந்திருக்கிறது. நிறம் பூசி, கால்களை அறுப்பதற்குள் அம்மா போய்விட்டாள். அவ்வளவுதானே மீதி?

கார்பெண்டரைக் கூப்பிடலாம் என்று கணவர் சொன்னார். அவள் கேட்கவில்லை. மீட்டர் கட்டையைத் தன் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துத் தானே கட்டைவிரலை அழுத்திக்கொண்டாள். பிறகு அம்மாவின் ரம்பத்தை எடுத்தாள். முதல் கால் நன்றாகத்தான் அறுபட்டது. இரண்டாவது கொஞ்சம் குட்டையானது. அதற்குச் சரியாக மற்றதை அறுக்க, நாற்காலி இந்தப் பக்கம் சாய்ந்தது. அதைச் சரிசெய்தால் அந்தப் பக்கம் சாய்ந்தது. வாசற்படியில் உட்கார்ந்திருந்த பேத்தி, போதும்மா, விட்டால் பலகை மட்டும்தான் மிஞ்சும் என்றாள். ஒருவழியாக ஆட்டம் நின்றபோது நாற்காலி நாய்க்குட்டி உயரத்துக்கு வந்திருந்தது. மகள் அதில் உட்கார்ந்தாள். முழங்கால் முகவாயை இடித்தது. அப்படியே உட்கார்ந்து ஆசைதீர அழுதாள், சந்தோஷமாகத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். துணிக்கடையில் அம்மாவுக்குப் பக்கத்துக் கவுண்டரில் வேலை பார்த்தவள், இன்னும் அங்கேதான் இருக்கிறாள். மாசமாக இருந்தாள், பாதம் இரண்டும் செருப்பை மீறி வீங்கியிருந்தன. உட்காரச் சொன்னால் தயங்கினாள். பழக்கம் அப்படி.

"அக்கா, அம்மா எனக்கொரு நாற்காலி செஞ்சிட்டு இருந்தாங்க. போறதுக்கு முன்னாடி முடிச்சிட்டாங்களா?"

அவள் சொன்னதன் சுருக்கம் இதுதான். அம்மா போன மாதம் கடைக்குப் போய் முதலாளியைப் பிடித்து, பேசிப் பேசியே கரைத்திருக்கிறாள். கடைசியில் அவர் ஒரு நிபந்தனையோடு தலையாட்டினாராம்: உட்காரட்டும், ஆனால் வாங்க வருகிறவர் கண்ணுக்கு நிற்கிற மாதிரியே தெரிய வேண்டும். அதற்கென்ன, தெரியும் என்று சொல்லிவிட்டு அம்மா கவுண்டரை அளந்துகொண்டு போனாள். இந்தத் தடவை அளந்தது முழங்காலை அல்ல, கவுண்டரின் உயரத்தை. சீசன் வியாபாரம் தொடங்குவதற்குள் நாற்காலி வர வேண்டும். தொடங்கிவிட்டால் முதலாளி பேச்சு மாறிவிடுவார், அவர் குணம் எல்லோருக்கும் தெரியும்.

வேலை கொஞ்சம் பாக்கி, கொண்டுவந்து தருகிறேன் என்று மகள் சமாளிக்கப் பார்த்தாள். பேத்தி விட்டால்தானே?

"அம்மா காலை வெட்டிட்டாங்க" என்று தன் அம்மாவைக் கைகாட்டினாள்.

நாற்காலியைக் காட்ட வேண்டியதாயிற்று. கடைப்பெண் அதைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். உங்களுக்கென்று நினைத்தீர்களா என்று அவள் கேட்கவில்லை. மகளே சொல்லிவிட்டாள்: ஊருக்கெல்லாம் கிடைத்தது, எனக்கு ஒன்று கிடைக்கவில்லையே என்று இருந்தது; என் பழைய கவுனைப் பார்த்ததும் எனக்குத்தான் என்று நினைத்துவிட்டேன், அது கையில் கிடைத்த துணி, அவ்வளவுதான்.

கடைப்பெண் அந்தப் பூப்போட்ட துணியைத் தடவிப் பார்த்தாள். "நான்கூட ஒருநாள் அம்மாகிட்ட கேட்டேன்கா, உங்க பொண்ணுக்குச் செஞ்சு குடுத்தீங்களான்னு. அவளுக்குக் குடுத்துட்டேனேன்னாங்க. அவ உட்கார்ந்து வேலை பாக்கணும்னுதான் நான் இங்க இத்தனை வருஷம் நின்னேன். முதல் நாற்காலியே அவளோடதுதான், மத்தவங்களுக்குத்தான் இன்னும் பாக்கின்னாங்க."

தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போன மகள், தண்ணீர் இல்லாமலே திரும்பி வந்தாள்.

அழுதுகொண்டிருக்க நேரமில்லை. அறுத்த துண்டுகளைத் திரும்ப ஒட்டிப் பார்த்தார்கள். அன்றைக்குப் பிறந்த கன்றுக்குட்டி மாதிரி நாற்காலி நாலு பக்கமும் கால் பரப்பியது. புதிதாகத்தான் செய்தாக வேண்டும். மகள் வெட்கத்தை விட்டு வீடுவீடாகப் போய் விஷயத்தைச் சொன்னாள். சிரிக்காத ஆள் இல்லை, உதவாத ஆளும் இல்லை. மாடிவீட்டுப் பெரியவர் பழைய கட்டிலின் கால்களைக் கழற்றிக் கொடுத்தார். காவலாளி லீவு போட்டுவிட்டு வந்து ரம்பத்தைப் பிடுங்கிக்கொண்டார்; அந்த வீட்டில் மகள் கையில் ரம்பம் இருக்கக் கூடாது என்று ஏகமனதாக முடிவாகியிருந்தது. தச்சுவேலை ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அம்மா செய்வதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அதனால் ஒவ்வொருவரும் அம்மா இப்படித்தான் செய்வாள் என்று அடித்துச் சொல்ல, ஒரு நாற்காலிக்குள் மூன்று விதமான ஆணி அடிக்கப்பட்டது. மகள் கடைக்குப் போய் மீட்டர் கட்டையைக் கவுண்டரில் நிறுத்தி, கட்டைவிரலை அழுத்தி, எடுக்காமலே பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். டிக்கெட்டுக்கு மறு கையால் பையைத் துழாவியதைக் கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நிறம்தான் பேத்திக்குப் பிடிக்கவில்லை. கவுண்டரின் நிறத்திலேயே இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியாது என்பதால் காப்பிக்கொட்டை நிறம். அவள் பலகையைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் ஒரு சிங்கத்தை வரைந்தாள். இது தூங்கவில்லை, காலை நீட்டி உட்கார்ந்திருந்தது.

சீசனுக்கு முந்தின நாள் நாற்காலி கடைக்குப் போனது. முதலாளி வாசலுக்குப் போய், வாங்க வருகிறவர் மாதிரி இருபக்கமும் பார்த்துக்கொண்டு உள்ளே வந்தார். கவுண்டரில் கையை ஊன்றினார். கடைப்பெண் எதிரில் ஒரு துணிக்கட்டைப் பிரித்துப் போட்டாள். அவர் துணியைப் பார்க்கவில்லை. அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"உட்காரச் சொன்னா ஏன்மா நிக்கிறே?"

"உட்கார்ந்துதான் முதலாளி இருக்கேன்."

அவர் கவுண்டரைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, மற்றக் கவுண்டர்களுக்கும் இதே மாதிரி ஆகுமா என்று மகளைக் கேட்டார். அவர் பார்க்காத சமயத்தில் கடைப்பெண் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

நாய்க்குட்டி உயர நாற்காலி மகளுக்கே மிஞ்சியது. வேறு யாராலும் அதில் உட்கார்ந்து எழ முடியாது.

திங்கட்கிழமை காலையில் மகள் டிக்கெட் கவுண்டருக்குப் போனாள். தினம் பையை வீசிவிட்டுப் பொத்தென்று விழுகிற அதே சக்கர நாற்காலி. அன்று அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். அளவு சரியாகத்தான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சன்னலைத் திறந்தாள். வரிசையின் முன்னால் ஒரு முதியவர் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நின்றார். டிக்கெட்டைக் கொடுத்தாள், சில்லறையைக் கொடுத்தாள். இன்று வெயில் அதிகம் இல்லையா என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே, எழுந்து சன்னல் வழியாக எட்டி அவர் முழங்காலைப் பார்த்தாள்.