பூங்காவில் நான் பார்த்ததாக எழுதியவை

என் மகள் ஐந்தாவது படிக்கும்போது, அவள் வகுப்பைச் சென்னையில் ஒரு பெரிய தாவரப் பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். கூட வர நாலு பெற்றோர் வேண்டும் என்று டீச்சர் கேட்டிருந்தார். வழக்கமாக அம்மாக்கள்தான் போவார்கள். எங்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்பாக்கள் ஒன்று கம்பெனியில் இருப்போம், இல்லையென்றால் படுத்திருப்போம். இவள் என்னடா என்றால், “எங்க நைனா வருவாரு” என்று கையைத் தூக்கிவிட்டு வந்து நிற்கிறாள்.

“அம்மா கீறாங்கல்ல, நான் எதுக்கு?” என்றேன்.

“நீ என்கூட எங்கியுமே வந்ததில்லியே நைனா.”

குறையாகச் சொல்லவில்லை. இன்றைக்கு மழை இல்லையே என்பது மாதிரி சொன்னாள். அதனாலேயே நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது.

அந்த வாரம் எனக்கு நைட் ஷிப்டு. மாற்றிக்கொள்வதாகச் சொன்ன கூட்டாளி கடைசி நேரத்தில் கையை விரித்தார். “தப்பா நெனச்சுக்காதண்ணா, ஊட்ல அவளுக்கு ஜொரம். மரம் இன்னா ஓடியா பூடும்? இன்னொரு நாள் இட்டுனு போயேன்.”

“மரம் இருக்கும்பா. புள்ள அஞ்சாவதுலயே இருக்குமா?” என்றேன்.

ஷிப்டை முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, கம்பெனி ஷூவோடு பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். பஸ்ஸில் அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு செங்குன்றம் வரைக்கும் “தூங்காத நைனா, தூங்காத” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். “தூக்கமா? எனக்கா?” என்று நானும் வீராப்பாகச் சொன்னேன்.

பூங்காவில் முதல் மரத்திலேயே எல்லாரையும் நிறுத்தி, பட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார் டீச்சர். “ஆன தோலாட்டம் கீது மிஸ்” என்றாள் ஒரு பெண். ஷூவுக்குள் கல் இருந்தது. அதை எடுக்கலாம் என்று வேரில் உட்கார்ந்தேன். கல்லை எடுத்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கண் விழித்தபோது வெயில் மரத்தின் அந்தப் பக்கம் போயிருந்தது. பக்கத்தில் எலுமிச்சை சாதம், பாதி டப்பா, மூடிவைத்தபடி. பஸ்ஸுக்கு எல்லாரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். நாள் முடிந்திருந்தது.

பஸ் கிளம்பியதும் டீச்சர்தான் நடந்ததைச் சொன்னார். அவர் திருவள்ளூர் மணவாள நகரிலிருந்து வருகிறவர், எங்கள் வீட்டு நடப்பெல்லாம் தெரியாது. “எழுப்பத்தான் வந்தேன் சார். பசங்க விடல. நைட் ஷிப்டு மிஸ், எழுப்பக்கூடாதுன்னு சுத்தி நின்னுக்கிட்டாங்க.”

எங்கள் லைன் வீடுகளில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் அது தெரியும். பகலில் ஒரு ஆள் படுத்திருந்தால் டிவி சத்தம் குறையும், சுவரில் பந்து அடிக்க மாட்டார்கள், தட்டைக்கூட துணிமேல்தான் வைப்பார்கள். பக்கத்து வீட்டு ஆளாக இருந்தாலும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தை அப்படியே பூங்காவுக்கும் கொண்டு வந்துவிட்டார்கள். வகுப்பு முழுக்க அந்த மரத்தை நுனிக்காலில் கடந்து, குசுகுசுவென்று பேசி, நோட்டில் எழுதியிருக்கிறது.

“வருஷம் பூரா சத்தம் போடாதீங்கன்னு கத்துறேன், கேட்டதில்ல. இன்னிக்கு எனக்கே உஷ் சொல்றாங்க சார்” என்று டீச்சர் சிரித்தார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். என் மகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் மடியில் ஒரு தாள் இருந்தது. ‘உடன் வந்த பெரியவர் பார்த்தவை’ என்று போட்டுக் கீழே பத்து வரி காலியாக விட்டிருந்தார்கள். இறங்குவதற்குள் கொடுக்க வேண்டுமாம்.

“தூங்கிட்டேன்னு எழுதிடவா?” என்று கேட்டேன்.

“வேணாம். எல்லாம் படிப்பாங்க.” தாளை என் மடிக்குத் தள்ளினாள். “நான் சொல்றேன். நீ பாத்தாப்ல எழுது.”

முதலில் முகத்தைத் திருப்பாமலே சொன்னாள். கம்பெனி பைப் தடிமனுக்கு மூங்கில். பார்த்தேன் என்று எழுதினேன். தண்ணி ஒட்டாத இலை, அதன்மேல் தவளை. பார்த்தேன். கிளையில் பூக்காமல் அடிமரத்திலேயே பூக்கிற நாகலிங்க மரம். அதைச் சொல்லும்போது காரனோடை வந்துவிட்டது, அவளும் என் பக்கம் திரும்பிவிட்டாள். உள்ளங்கையைக் குவித்து, பூவுக்குள் பாம்பு எப்படிப் படம் எடுக்கிறது என்று காட்டினாள்.

“காயி எவ்ளோ பெர்சு?”

“உன் தலை சைசு நைனா. அந்த மரத்தாண்ட படுத்திருந்தீன்னா எழுந்துக்கினு இருப்ப.”

அதையும் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது அவள் ஓசூரில் வேலை பார்க்கிறாள். பொங்கலுக்கு மூன்று நாள் வருவாள். “பூங்காவுக்குப் போலாமா?” என்றால், “போலாம் நைனா” என்பாள். சொந்தக்காரர்கள் வருவார்கள், லீவு முடிந்துவிடும். நான் நைட் ஷிப்டு விட்டு நாளாயிற்று. ஞாயிற்றுக்கிழமையெல்லாம் சும்மாதான் இருக்கிறேன். தனியாகப் போகக் கால் வரவில்லை.

போன வாரம் கேண்டீனில் பேச்சு மரம் செடிப் பக்கம் போனது. நாகலிங்கப் பூவைப் பற்றி, அவள் காட்டிய மாதிரியே கையைக் குவித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், “வாசன எப்பிடிணா இருக்கும்?” என்றார்.

அதை அவள் சொல்லவில்லை. எனக்கும் அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.