கச்சான் வருது

எனக்கு ஒரு சக்தி இருக்கிறது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், பிறகு நேரமிருக்காது. எனக்குப் பறக்கத் தெரியாது, சுவரில் ஏறத் தெரியாது, ஓடும் பஸ்ஸை ஒற்றைக் கையால் நிறுத்தவும் முடியாது. ஆனால் ஒரு காற்று வருவதற்கு முன்பே அது வரப்போவது எனக்குத் தெரிந்துவிடும். எல்லாக் காற்றும் இல்லை, ஒன்றே ஒன்று. இன்றைக்கும் ஆடி மாதத்தில் என் மாமா போன் எடுத்தால், சாப்பிட்டாச்சோ என்று கேட்பதற்கு முன், "பிள்ளை, காது எப்பிடி?" என்றுதான் கேட்பார்.

அந்தக் காற்றின் பெயர் கச்சான். என் கரைச்சல் முழுக்க அந்தப் பெயரில்தான் தொடங்கியது. எங்கள் திருகோணமலையில் கச்சான் என்றால் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. வறுத்துக் கடதாசிச் சரையில் சுற்றி விற்கிற நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்த ஆள் மட்டும் என் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன்.

ஆனி, ஆடியில் அது வயலையும் காட்டையும் தாண்டி, நன்றாகச் சூடேறிக்கொண்டு வரும். உதடு வெடிக்கும், கொடியில் போட்ட துணி அடுத்த வளவில் கிடக்கும். ஊருக்குள் அவ்வளவுதான். கடற்கரையில் கதை வேறு. எங்கள் கரை கிழக்கே பார்த்தது, கச்சான் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். அலையை அமத்திவிடும். கடல் தட்டையாக, நல்ல பிள்ளைபோல் கிடக்கும். ஆனால் மிதக்கிற எதையும் பிடித்து வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

அது வருவதற்கு முன் என் இடது காது அடைக்கும். காதுக்குப் பின்னால் ஓரிடம் மிளகாய் பட்டதுபோல் எரியும். கொஞ்ச நேரத்தில் காற்று வந்துவிடும். டொக்டர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்டுமில்லை, நல்ல காது" என்றார். நல்ல காதுதான், அது எனக்கும் தெரியும்.

பதினைந்து வயதில் நான் வாய் செத்த பிள்ளை. கடைக்குப் பாண் வாங்கப் போனால், கடைக்காரர் தானாக என்னைக் காணும்வரை நின்றுகொண்டிருப்பேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டுக்கு யாரும் வந்தால் அம்மாதான் எனக்காகப் பதில் சொல்லுவா. "அவள் கதைக்க மாட்டாள். வாய்க்குள்ள கொழுக்கட்டை" என்பா. அவா ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறவ, நாள் முழுக்கச் சனத்தோடு கதைக்கிறவ. அவாவுக்கு இப்படி ஒரு மகள்.

ஒரு நாள் வகுப்பில் காது அடைத்தது. வெளியே இலை அசையவில்லை. என் மேசை யன்னலோரம், அதன்மேல் எல்லோருடைய சித்திரத் தாள்களும் காயக் கிடந்தன. நான் எழும்பி யன்னலைச் சாத்தப் போனேன். டீச்சர் பாடத்தை நிறுத்தி, என்ன என்று கேட்டா. இருந்த துணிவையெல்லாம் கூட்டி, எலிக் குரலில் சொன்னேன்.

"கச்சான் வருது டீச்சர்."

முழு வகுப்பும் கேற் பக்கம் திரும்பிப் பார்த்தது. கச்சான்காரரைத் தேடுகிறார்களாம்!

"பாடம் நடக்கேக்க உமக்குக் கச்சான் கேக்குதோ?" என்றா டீச்சர்.

சிரிப்பு ஓய முன் என்னை இருத்திவிட்டார்கள். பிறகு காற்று வந்து அத்தனை சித்திரங்களையும் மைதானத்துக்கு அள்ளிக்கொண்டு போனது. எல்லோரும் ஓடி ஓடிப் பொறுக்கினார்கள். நான் சொன்னது ஒருத்திக்காவது ஞாபகம் வரவேண்டுமே? ம்ஹூம். அன்றிலிருந்து எனக்குப் பட்டப் பெயர் கச்சான். டியூஷனில் என் கதிரைக்குக் கீழே கச்சான் கோது போட்டு வைப்பார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஆனால் அந்த ஆத்திரமும் வாய்க்கு வெளியே வரவில்லை.

என்னைக் கண்டுபிடித்தவள் என் தங்கச்சி. அவளுக்கு அப்போது ஏழு வயது. தொலைக்காட்சியில் பறக்கிற ஆட்களைப் பார்த்துப் பார்த்து, அம்மா கந்தோருக்குப் போடும் செம்மஞ்சள் சால்வையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிகிறவள். நான் வெயில் கொளுத்தும்போது கொடித் துணியை எடுப்பதையும், பின்னாலேயே காற்று வருவதையும் ஒன்றுக்கு இரண்டு தரம் பார்த்துவிட்டாள்.

"அக்கா, உங்களுக்குச் சக்தி இருக்கு" என்றாள், ஏதோ என் கன்னத்தில் சோறு ஒட்டியிருக்கிறது என்று சொல்வதுபோல். "சுப்பர் ஆக்களெல்லாம் முதல்ல ஒளிச்சுத்தான் இருப்பினம். பிறகுதான் வெளியில வருவினம்."

அவளுக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. ஒருமுறை மூக்கு ஒழுகி, என் காது சும்மா தடிமனில் அடைத்து, அம்மாவின் ஈரத் துணியையெல்லாம் வீணாக எடுத்து வைத்துப் பேச்சு வாங்கினேன். அப்போதும் அவள், "சக்திக்கும் தடிமன் வரும்தானே" என்றாள். பிறகு பயிற்சி தொடங்கியது. குசினிக்குள் பைப்பைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்கு மேலாக நான் கத்த வேண்டும். அவள் வாசலில் நின்று கேட்டால்தான் சரி.

"கச்சான் வருது!"

"இன்னும் சத்தமா!"

"கச்சான் வருது!"

பக்கத்து வீட்டு அன்ரி மதிலுக்கு மேலால் தலையை நீட்டினா. "எங்க பிள்ளை? எனக்கும் ஒரு சரை வாங்கும்."

கிழிஞ்சுது போ! தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, காத்து எண்டு சொல்லுங்கோவன்" என்றாள். எனக்கு விருப்பமில்லை. காற்று எப்போதும்தான் அடிக்கிறது, இது கச்சான், அதன் பெயரைத்தான் சொல்லுவேன் என்று நின்றேன். வாய் செத்தவளுக்கும் பிடிவாதத்தில் குறைச்சல் இருக்கவில்லை.

அந்த வருடம் ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் ஊரான சல்லிக் கரையில் விளையாட்டு விழா. மாமாதான் அதற்குச் செயலாளர். மைக்கும் அவர் கையில்தான். மாமாவின் கையிலிருந்து மைக்கை வாங்குவதைவிடப் பசித்த நாயின் வாயிலிருந்து எலும்பை வாங்கலாம் என்று அம்மாவே சொல்லுவா.

சின்னப் பிள்ளைகளுக்கு ரெஜிபோம் ஓட்டம் இருந்தது. மீன்பெட்டி செய்கிற அந்த வெள்ளைப் பலகையில் பிள்ளைகளை இருத்தி, கடலுக்குள் கட்டியிருந்த கயிற்றடிக்குக் கொண்டுபோய் விடுவார்கள். விசில் ஊதியதும் கையால் தண்ணீரை வலித்துக்கொண்டு கரைக்கு வரவேண்டும். கயிற்றடியில் தண்ணீர் பிள்ளைகளின் தலைக்கு மேல். ஆனால் கடல் அன்று குளம்போல் கிடந்தது, யாருக்கும் பயமில்லை. தங்கச்சியும் போனாள். பலகையில் ஒரு தடியைக் குத்தி, செம்மஞ்சள் சால்வையை அதில் கொடியாகக் கட்டியிருந்தாள். கயிற்றடியில் பலகையில் இருந்தபடி எனக்குக் கை காட்டினாள்.

நான் கையைத் தூக்கினேன். அப்போது காது அடைத்தது.

மேற்கே திரும்பிப் பார்த்தேன். வானம் துடைத்து வைத்ததுபோல் வெளிச்சம். பனையோலை ஒன்றுகூட அசையவில்லை. காதுக்குப் பின்னால் எரிந்த எரிவோ முன்பு ஒருநாளும் எரியாத எரிவு. தடிமன் இல்லை, அது மட்டும் நிச்சயம். மாமாவிடம் ஓடிப்போய் அவர் சட்டையை இழுத்தேன்.

"மாமா, கச்சான் வருது."

மாமா குனிந்து கேட்டார். சிரித்தார். மைக்கை வாயில் வைத்தார்.

"அன்பான பெற்றாரே! எங்கட மருமகப் பிள்ளை சொல்லுறா, கச்சான் வந்திருக்காம்! சுடச் சுடச் சரை இருக்கு, வேணுமெண்டவை வாங்கலாம்!"

பனையடியில் கச்சான் வண்டில் உண்மையாகவே வந்து நின்றது. இருபது முப்பது பேர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதை நோக்கி நடந்தார்கள். என் வாயால் வந்த வினை. கயிற்றடியில் தங்கச்சி மட்டும் மேற்குப் பக்கம் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தக் கடற்கரை முழுவதிலும் அந்தச் சொல்லைச் சரியாக விளங்கிக்கொண்டவள் அவள் ஒருத்திதான். கையைக் கீழே போட்டுப் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மைக்கை நான் எப்படிப் பறித்தேன் என்று எனக்குத் தெரியாது. மாமாவுக்கும் தெரியாது.

"காத்து!" என்றேன். "காத்து வருது! பிள்ளையளைத் தூக்குங்கோ! இப்பவே தூக்குங்கோ!"

இரண்டு ஸ்பீக்கரிலும் என் குரல் வந்தது. ஐயோ, அது எவ்வளவு பெரிய குரல்! இது இவ்வளவு காலமும் எனக்குள் எங்கே கிடந்தது என்று நானே திகைத்துப்போனேன். ஆனால் ஒருவரும் அசையவில்லை. "ஆரின்ர பிள்ளை இது? விசரோ?" என்று யாரோ கேட்டார்கள். எப்படி அசைவார்கள்? ஓலையே அசையவில்லை.

அம்மா எழும்பினா. தோளில் பையோடு, காலில் செருப்போடு, நேரே கடலுக்குள் இறங்கி ஓடினா. ஓடிக்கொண்டே கத்தினா:

"அவள் கதைக்கிறவள் இல்லை! கதைக்கிறாள் எண்டால் ஏதோ இருக்கு!"

ஒரு தாய் ஓடினால் மற்றத் தாய்மார் பார்த்துக்கொண்டு இருப்பார்களா? அவர்களும் இறங்கினார்கள், பின்னால் தகப்பன்மாரும் இறங்கினார்கள். ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தார்கள். பலகைகள் கயிற்றடியிலேயே கிடந்தன. சால்வைக் கொடி தொங்கிக்கொண்டிருந்தது.

காற்று வரவில்லை.

பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள், ஓட்டம் வேண்டுமாம். தாய்மார் நனைந்த உடுப்பைப் பிழிந்துகொண்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். திரும்பக் கொண்டுபோய் விடுவோம் என்று இரண்டு தகப்பன்மார் பிள்ளைகளைத் தோளில் ஏற்றினார்கள். மாமா என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"எங்கயடி பிள்ளை உன்ர காத்து?"

"வரும்."

"எப்ப?"

"வரும் மாமா. மைக்கைத் தர மாட்டன்."

சத்தம் போட்டதை நான் பெரிதாக நினைக்கவில்லை. பயத்தில் யாரும் சத்தம் போடுவார்கள். அத்தனை பேரும் முறைத்துப் பார்க்க, அசையாத ஓலைக்குக் கீழே நின்று, "ஆரும் தண்ணிக்குள்ள இறங்க வேண்டாம், வரும்" என்று மைக்கில் இன்னொரு முறை, அவசரமில்லாமல் சொன்னேனே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என்மேல் மதிப்பு வருகிறது. என் காது பொய் சொல்லாது என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியவில்லை என்பதற்காக எனக்குத் தெரிந்தது இல்லாமல் போகுமா?

முதலில் கச்சான் வண்டிலில் இருந்த கடதாசிச் சரைகள் எழும்பிப் பறந்தன. பிறகு பந்தலுக்கு மேலே கட்டியிருந்த படங்கு ஒரு இழுவையில் கிழிந்தது. சூடு முதுகில் வந்து அடித்தது, மண் காலில் குத்தியது. கயிற்றடியில் கிடந்த பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்று, வரிசையாக வெளியே போகத் தொடங்கின. எல்லாவற்றுக்கும் முன்னால் போனது தங்கச்சியின் பலகை. சால்வை விரிந்து பாயாகிவிட்டது.

பலகையைப் பிடிக்க யாரோ பாய்ந்தார்கள். மாமா மைக் இல்லாமலேயே கத்தினார். "விடு! பலகைதானே போகுது! விடு!"

அத்தனை பேரும் தங்கள் தங்கள் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றோம். வெள்ளைப் பலகைகள் முதலில் மறைந்தன. செம்மஞ்சள் மட்டும் கொஞ்ச நேரம் ஒரு பொட்டாகத் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. அம்மா தங்கச்சியின் கையைப் பிடித்திருந்தா.

"அம்மா, நோகுது" என்றாள் தங்கச்சி.

அம்மா கையை விடவில்லை. மற்றக் கையால் என்னை இழுத்து, எல்லோருக்கும் முன்னால், எரிந்துகொண்டிருந்த அந்த இடது காதில் கொஞ்சினா. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அடுத்த கிழமை, சல்லிக் கரைக் கதை பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்ட பிறகு, வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருந்தது. என் காது அடைத்தது. நான் கையைத் தூக்கவில்லை, நேரே எழும்பினேன்.

"டீச்சர், கச்சான் வருது."

இந்த முறை கேற்றடியில் கச்சான்காரர் நிற்கவே செய்தார். தாச்சியில் அகப்பையால் டங் டங் என்று தட்டிக்கொண்டும் இருந்தார். ஒருத்தியும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. டீச்சர் சோக்கட்டியை வைத்துவிட்டு முதல் யன்னலைச் சாத்தினா, மற்ற யன்னல்களைப் பிள்ளைகள் ஓடிப்போய்ச் சாத்தினார்கள்.