ஒரு நாள் மட்டும் ஓடிய இணையம்

மானியத்துக்கு மனு எழுதும் வேலையில் சம்பளம் கிடையாது, பதவி கிடையாது, பதிலும் பெரும்பாலும் கிடையாது; அதிர்ச்சி மட்டும் தவறாமல் கிடைக்கும். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒரு தவணையாவது மாட்டிக்கொண்டு முழித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அவர்களும் படிக்கலாம்.

எங்கள் பள்ளி பாடாங் மேஹா பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு உள்ளே இருக்கிறது. சங்கத்தின் மனுக்கோப்பு முன்பு என் மனைவியிடம் இருந்தது. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையை நடத்திக்கொண்டே, மீ கோரேங் நூடுல்ஸ் கிண்டிய கையோடு மனுவும் எழுதுவாள். அவள் கண்ணை மூடிய பிறகு கோப்பைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று பள்ளிக்குப் போனேன். கோப்போடு திரும்பி வந்தேன். எனக்குப் படிப்பு ஆறாம் வகுப்புவரைதான். எண்ணெய் ஆலையின் எடைமேடையில் உட்கார்ந்திருந்த காலத்தில், வந்த கடிதங்களைப் பார்த்துப் பார்த்து எழுதியே மலாய்க் கடிதம் எழுதப் பழகியவன். கழிப்பறைக்கு எழுதியிருக்கிறேன், வேலிக்கு எழுதியிருக்கிறேன். பள்ளிக்கு நல்ல இணைய இணைப்பு கேட்டு எழுதியபோது பட்ட அதிர்ச்சிகள் வேறு எதிலும் படவில்லை.

பாரம் கிடைக்கும் இடம்

மானியம் இருக்கிறது என்று சொன்னவர் தலைமையாசிரியை வசந்தி டீச்சர். நகரத்தை விட்டுத் தள்ளியிருக்கும், இணையம் சரியாகக் கிடைக்காத பள்ளிகளுக்கு மட்டும் என்று சுற்றறிக்கையில் போட்டிருந்தது. படித்ததும் எனக்கு மகிழ்ச்சி. நம்மைப் பார்த்தே எழுதியதுபோல் இருக்கிறதே என்று நினைத்தேன். பிறகு கடைசி வரியைப் படித்தேன். விண்ணப்பப் பாரத்தை இணையத்தில் மட்டுமே நிரப்பி அனுப்ப வேண்டுமாம். தபாலில் வந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். எழுத்துப் பிழை பார்ப்பதுபோல் அந்த வரியை நான் மூன்று தடவை படித்தேன்.

பள்ளியில் பழைய இணைப்பு ஒன்று இருந்தது. காலையில் ஒரு பக்கத்தைத் திறக்கச் சொன்னால் மத்தியானம் பாதி திறக்கும். ஆகவே நான் மோட்டார் சைக்கிளில் கூலிம் போய், இந்திய முஸ்லிம்கள் நடத்தும், இணையம் கிடைக்கும் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்தேன். வீட்டில் எப்படியும் யாரும் இல்லை. நுரை பொங்க ஆற்றிய தேநீர், ஒரு தே தாரே வாங்கி வைத்துக்கொண்டு, பள்ளியின் படம், நிலத்தின் வரைபடம், மாணவர் பட்டியல் என்று ஒவ்வொன்றாக ஏற்றினேன். நான்கு நாள் ஆயிற்று. நான்காம் நாள் தே தாரே கொண்டுவந்த கடைக்காரர் என் தோள் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அங்கிள், லைன் வாங்கி அங்க கொண்டு போறதுக்கு, பேசாம ஸ்கூல இங்க கொண்டு வந்துடுங்க லா."

மெதுவுக்கு ஆதாரம்

இணையம் மெதுவாக இருக்கிறது என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று அடுத்த பக்கத்தில் கேட்டிருந்தது. வேகத்தை அளக்கும் பக்கம் ஒன்று உண்டு. அதைப் பள்ளியில் திறந்து, வரும் எண்ணைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். எங்கள் பள்ளியில் அந்தப் பக்கமே திறக்கவில்லை. வட்டம் சுற்றியது. வசந்தி டீச்சர் ஒரு பாடம் நடத்தி முடித்துவிட்டு வந்தார், சுற்றிக்கொண்டிருந்தது. இன்னொரு பாடம் முடித்து வந்தார். இணைப்பு அறுந்துவிட்டது என்று வந்தது.

உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். மலாய் இளைஞர் ஒருவர் எடுத்தார். நல்ல மரியாதையான பிள்ளை. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். எண்ணே வரவில்லை என்றால் பூச்சியம் என்று எழுதலாமா என்று கேட்டேன். அப்படி ஒரு கட்டமே பாரத்தில் இல்லையாம். பிறகு அவர், மலாய்க்காரர்கள் பெரியவர்களை அழைக்கும் ‘பாக்சிக்’ போட்டு, மலாயில் சொன்னதை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்: "பாக்சிக், மெதுவா இருக்குன்னு காட்டணும்னா, கொஞ்சமாவது ஓடணுமே."

வரைபடத்தில் செம்பனை

இணைய இணைப்புக்குப் புதிய கம்பம் நடத் தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் தேவைப்பட்டது. தோட்டம் கைமாறி, புது மானேஜர் வந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். தமிழ்ப் பையன்தான், வெளியூர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நான் பள்ளிக்கூடம் என்றதும் அவர் எழுந்து சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தார். விரலை வைத்துத் தேடினார். நான் எழுந்து போய் இடத்தைக் காட்டினேன். அந்த இடத்தில் பச்சை வண்ணம் அடித்து ஓர் எண் போட்டிருந்தது.

அறுபது வருடத்துக்கு மேலாக மணி அடிக்கும் பள்ளி. என் மனைவி படித்த பள்ளி. கடிதத்தை அவர் அன்றைக்கே அடித்துக் கொடுத்துவிட்டார், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கையெழுத்துப் போடும் முன் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி வரைபடத்தைப் பார்த்துக் கேட்டார்: "அங்கிள், மேப்ல அது செம்பனைதானே?"

தேவியின் கெடு

இவ்வளவு பாடும் எதற்கு என்று கேட்பீர்கள். தேவிக்காகத்தான். கூலிம் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண். கணவர் லாரி ஓட்டுகிறார். அவளுடைய மூன்று பிள்ளைகளும் எங்கள் பள்ளியில். மொத்தமே இருபத்திரண்டு பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் மூன்று பேர் போனால் என்ன ஆகும் என்று கணக்குத் தெரியாதவர்களுக்கும் தெரியும். அவள் போனால் அவள் பிள்ளைகளோடு ஒரே வேனில் வரும் மற்ற பிள்ளைகளும் போய்விடும்.

ஒரு நாள் தொழிற்சாலைச் சீருடையோடு பள்ளி வாசலில் என்னை நிறுத்தினாள். நகரத்துப் பள்ளியில் வீட்டுப்பாடமே கணினியில் வருகிறதாம். தன் மூத்தவள் ஐந்தாம் வகுப்பு வந்தும் மௌஸைப் பிடிக்கும்போது கை நடுங்குகிறது என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கண் கலங்கிச் சொன்னாள்: "மாமா, எனக்கும் இதுதான் ஸ்கூல். ஆனா வருஷக் கடைசிக்குள்ள லைன் வரலைன்னா மூணு பேரையும் மாத்திடுவேன். அப்புறம் என்னைத் திட்டாதீங்க."

விருந்தாளி வருகிறார்

வேக எண்ணுக்குப் பதில், இணைப்பு அறுந்துவிட்டது என்று வந்த பக்கத்தையே படம் பிடித்து வைத்தேன்; மனு போய்ச் சேர்ந்தது. மாநிலத் தலைநகர் அலோர் ஸ்டாரிலிருந்து புவான் ரொஹானா என்ற பெண் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், மாணவர்கள் கணினியில் பாடம் செய்து காட்ட வேண்டும் என்று கடிதம் வந்தது. அந்தக் கடைசி வரி எங்கள் எல்லாரையும் கலக்கிவிட்டது. பெரிய அதிகாரி எதிரில் பிள்ளைகள் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பள்ளிக்கு என்ன மானம் இருக்கும்?

நம் வீடுகளில் விருந்தாளி வந்தால் பக்கத்து வீட்டு நாற்காலியை வாங்கிப் போடுவோமா இல்லையா? அதைத்தான் செய்தோம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். கூரை ஒழுகும் இடங்களில் வைத்திருந்த வாளிகளைக் கழிப்பறைக்குப் பின்னால் ஒளித்தோம். கோயில் திருவிழாக்களுக்கு மைக்செட் போடும் குமரவேல் எங்கள் சங்கத் தலைவர். திருவிழாவை நேரலையாகக் காட்டுவதற்கு அவரிடம் ஒரு பெட்டி உண்டு. நான்கு சிம் கார்டு போட்டால் நான்கின் வேகத்தையும் சேர்த்து ஒன்றாகக் கொடுக்கும். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் மேட்டில்தான் தோட்டத்தின் தண்ணீர்த் தொட்டி. அங்கே மட்டும் போனில் சிக்னல் கோடு ஏறும். பெட்டியைத் தொட்டிமேல் கட்டி, மைக்செட் ஒயரைப்போல் ஒரு நீள ஒயரை வகுப்பறைவரை இழுத்துவிட்டார். ஏணியைப் பிடித்துக்கொண்டது நான். சிம் கார்டுகளைத் தாய்மார்கள் தங்கள் போனிலிருந்து கழற்றிக் கொடுத்தார்கள். இணைப்பின் பெயரைக்கூடப் பள்ளியின் பெயராக மாற்றினார் குமரவேல்.

அன்றைக்கு இணையம் பறந்தது. பிள்ளைகள் கேள்விக்குப் பதில் அமுக்க, பட்டாசு வெடிப்பதுபோல் திரையில் படம் வந்தது. புவான் ரொஹானா கைதட்டினார்; தன் மடிக்கணினியில் எதையோ அளந்து குறித்துக்கொண்டார்; இரண்டு உளுந்து வடை சாப்பிட்டார். அவர் கார் செம்பனைக்குள் மறைந்ததும் குமரவேல் பெட்டியை இறக்கினார். மறுநாள் அவருக்குப் பெண்டாங் பக்கம் ஒரு திருவிழா. ஒயரைச் சுருட்டிக்கொண்டே பெருமையாகச் சொன்னார்: "எப்படிண்ணே? ஒரு குறை சொல்ல முடிஞ்சிச்சா அந்தம்மாவால?"

உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை.

அலோர் ஸ்டார்

தகுதி இல்லை என்று கடிதம் வந்தது. எங்கோ தவறு நடந்துவிட்டது என்று குமரவேலின் வேனில் நானும் அவரும் அலோர் ஸ்டார் போனோம். புவான் ரொஹானா எங்களை அடையாளம் கண்டுகொண்டார். வடையைப் பற்றி விசாரித்தார். பிறகு கோப்பைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினார். பள்ளியின் பெயர், தேதி, எதிரே ஓர் எண், கீழே அவருடைய கையெழுத்து.

அந்த எண்ணைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. குமரவேலைப் பார்த்தேன், அவர் மேசைக்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி இருந்திருந்தால் ஏணி வைக்கும்போதே கேட்டிருப்பாள். எண்ணெய் ஆலையில் முப்பது வருடம் எடை பார்த்தவன் நான். தராசில் கை வைத்தவனை ஒரு பார்வையில் கண்டுபிடிப்பேன். என் கையே தராசில் இருந்தது எனக்குத் தெரியவில்லை. புவான் ரொஹானா எங்களைத் தேற்றுவதாக நினைத்துச் சிரித்துக்கொண்டே மலாயில் சொன்னார்: "பாக்சிக், நீங்க அதிர்ஷ்டக்காரங்க. இந்த ஆபீஸ்லயே இவ்வளவு வேகம் இல்ல."

மேல்முறையீடு

திரும்பும் வழியில் பெண்டாங்கைத் தாண்டும்வரை வயலையே பார்த்துக்கொண்டு வந்தேன். மேல்முறையீடு செய்ய இரண்டு வாரம் இருந்தது. உண்மையை எழுதினால் ஏமாற்றினோம் என்று ஆகும். எழுதாவிட்டால் தேவியின் பிள்ளைகள் போய்விடும். வசந்தி டீச்சர் பயந்தார். அரசாங்க வேலை, அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மனுவை நானே எழுதினேன். பெட்டி, ஒயர், தொட்டி, நான்கு சிம் கார்டு எல்லாம் எழுதி, யோசனை என்னுடையது என்று ஒரு பொய்யும் சேர்த்தேன். கீழே என் பெயரை மட்டும் போட்டேன்.

எப்படியோ தேவிக்குத் தெரிந்துவிட்டது. வேலை முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்தாள். கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தாள். மலாய் எனக்கு இருப்பதைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு இடத்தில் திருத்தினாள். பிறகு பேனாவைக் கேட்டாள். எதற்கு என்றேன். சொன்னாள்: "அந்த நாலு சிம்ல ஒண்ணு என்னோடது மாமா. ஸ்கூல மாத்தப் போறேன்னு சொன்ன வாயோடதான் கழட்டிக் கொடுத்தேன். என் பேரையும் போடுங்க."

இரண்டாவது வருகை

இந்த முறை கடிதம் வரவில்லை, கார்தான் வந்தது. பள்ளியில் கோப்பு பார்த்துக்கொண்டிருந்த நான் வாசலுக்கு ஓடினேன். போலீசையும் கூட்டி வந்திருப்பார்களோ என்று காருக்குள் எட்டிப் பார்த்தேன். புவான் ரொஹானா மட்டும்தான். முகத்தில் சிரிப்பு இல்லை. வசந்தி டீச்சர் தேநீருக்கு ஆள் அனுப்பப் போனார். வேண்டாம் என்று நான் தலையசைத்தேன். வெறும் தண்ணீர் கொடுத்தோம். அதிகாரி வகுப்பறையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். வட்டம் சுற்றியது. இரண்டு பாடம் முடிந்து மணி அடித்தது. அவர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கூரையிலிருந்து வாளியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

கடைசியில், அறிக்கையை இங்கிருந்தே அனுப்ப வேண்டும், எங்கே போவது என்று கேட்டார். மேட்டைக் காட்டினோம். விடியற்காலை மழையில் செம்மண் வழுக்கியது. காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். தொட்டிக்கடியில் நின்று அனுப்பி முடித்துவிட்டு, மூச்சு வாங்க, சேறு அப்பிய காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "பாக்சிக், முதல் தடவையே இப்படி ஒண்ணுமில்லாம என்னை வரவேற்றிருக்கக் கூடாதா?"

கம்பம் வருஷக் கடைசிக்குப் பத்து நாள் இருக்கும்போது வந்தது. அதற்குள் ஒரு குடும்பம் பொறுக்காமல் போய்விட்டது. தேவியின் மூவரும் இங்கேதான் படிக்கிறார்கள். இப்போது கூரைக்கு மனு போட்டிருக்கிறேன். அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை அந்த வாளிகளை ஒருவரும் தொடக் கூடாது என்பது மட்டுமே இத்தனை வருட மனு வேலையில் நான் கற்ற முழுப் பாடம்.