தீர்ப்பு வரும் முன்

அன்று தியேட்டர் பெஞ்சில் இருந்தது நான், அம்மா, பட்டாளத்திலிருந்து வந்து லீவு முடிந்தும் திரும்பாத மாமா, மூன்று பேர்தான். சங்கரன்கோவிலில் அந்தத் தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். இன்று அதன் வாசலில் யாரோ ஷூவுக்குப் பாலிஷ் போட்ட வாடை பட்டதும், மாமாவின் வாடையும், பீடிப் புகையும், விசிறியின் கடகடப்பும் திரும்ப வந்தன.

படத்தில், காவலை விட்டு ஓடிய சிப்பாயை விசாரிக்க ராணுவ நீதிபதிகள் நுழைய, மாமா விறைப்பாக எழுந்து நின்றார்.

"ஏ மிலிட்டரி, உக்காரும்வே! படம் மறைக்குல்லா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்த, தியேட்டரே சிரித்தது.

"உன்னையவாலே கூப்பிட்டாவ? உக்காருலே," என்று அம்மா மாமாவின் சட்டையை இழுத்தாள்.

"காலைல போயிருதேன்க்கா."

பாதியில் வெளியேறினோம். விடிந்ததும் பஸ் ஏறியவரிடமிருந்து பிறகு தகவலே இல்லை. அந்தப் படம் டிவியில் வந்தால், தீர்ப்பு வருமுன் அம்மா அணைத்துவிடுகிறாள். நானும் போடச் சொல்வதில்லை.