எலுமிச்சம்பழத்தில் தோற்ற என் ரோபோ

நானும் பக்கத்துத் தெரு சேகரும் இணையத்தில் ஒரே வீடியோவைப் பார்த்துத்தான் ரோபோ செய்தோம்.

இன்று சித்தூர்–திருப்பதி பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா சிரித்துக்கொண்டே போனில் ஒரு வீடியோவைக் காட்டினார்.

காணிப்பாக்கம் கோயில் வாசலில், புது வண்டிக்குப் போடுவதுபோல சேகரின் ரோபோவுக்குப் பூஜை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். அதை நசுக்க முடியாமல் ரோபோ உறுமிக்கொண்டு நின்றது.

"கொயந்த மாதிரி எப்டி முழிச்சிக்கினு நிக்குது பாரு!"

எனக்கு வயிறு எரிந்தது. எதிரில் எது வந்தாலும் விலகிப் போகும் என் ரோபோவின் வீடியோவைக் காட்டினேன்.

"இதுல ஒண்ணுமே நடக்கலியே, நைனா?"

வீட்டுக்கு வந்ததும் என் ரோபோவின் முன்னாலும் ஒரு பழம் வைத்தேன். சனியன், அழகாக ஒதுங்கிப் போகிறது.

அதைச் சிக்கவைப்பது எப்படி? வீடியோ இருந்தால் அனுப்புங்கள்.